சகலையை விட ஒரு வெள்ளி குறைவு

எனக்குப் பொறாமை என்ற குணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிள்ளான் தாமான் செலாசேயில் வேறு மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. அங்கே பதினேழாம் நம்பர் வீடு என்னுடையது. பதினெட்டாம் நம்பர் வீடு வேலாயுதத்தினுடையது. வேலாயுதம் என் சகலை. நான் அக்காவைக் கட்டினேன், அவன் தங்கையைக் கட்டினான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், முன்னால் இடுப்பளவுக்கு ஒரு வேலி. அந்த வேலி வழியாக அக்காளும் தங்கையும் கறியும் குழம்பும் மாற்றிக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் கடிதங்களைக் காட்டிக்கொள்வோம். பேங்கிலிருந்து வரும் கடிதங்கள்.

எண்பத்தைந்தாம் வருடம். நான் ரயில்வேயில் டிக்கெட் கிராணி, அதாவது குமாஸ்தா, பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தேன். அவன் துறைமுகத்தில் கிராணி. வீடு ஒன்று ஐம்பத்தீராயிரம் மலேசிய வெள்ளி. பன்னிரண்டாயிரம் கையிலிருந்து கட்டி, மீதி நாற்பதாயிரத்தை இருவருமே பேங்க் செரோஜாவில் கடன் வாங்குவதாக ஏற்பாடு. தவணை பதினைந்து வருடம். என் மனைவி புஷ்பவல்லி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"நீங்க பென்ஷன் வாங்குற அன்னிக்கு வீட்டுக் கிராண்ட் என் அலமாரியில இருக்கணும். பேங்க் அலமாரியில இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கிராண்ட் என்றால் வீட்டுப் பத்திரம். கடன் தீரும்வரை பேங்க் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நான் சரி என்றேன். பதினைந்து வருடத்தில் எனக்கும் ஐம்பத்தைந்து ஆகிவிடும். கணக்கு சரியாக இருந்தது. பேங்குக்குள் நுழையும்வரை எல்லாருடைய கணக்கும் சரியாகத்தான் இருக்கும்.

பேங்க் வாசலில் ஒரு தேக்குப் பலகை மாட்டியிருந்தார்கள். அதில் பித்தளை எண்களில் அன்றைய அடிப்படை வட்டி. எண்ணை மாற்றுவதற்குக் காவல்காரர் ஏணியில் ஏற வேண்டும். வட்டி ஏறுகிற நாளில் பேங்க் திறப்பதற்கு முன்பே ஏணி வந்து நின்றுவிடும். வட்டி இறங்குகிற நாளில் ஏணி ரிப்பேருக்காக ரவாங் பட்டறைக்குப் போயிருக்கும். ஒரு தடவை நான்கு மாதம் அங்கேயே இருந்தது. அப்படி ஒரு நோஞ்சான் ஏணி.

மேனேஜர் மீனாட்சிசுந்தரம் என்னை உட்காரவைத்து, குடிக்க மைலோ வரவழைத்தார்.

"மிஸ்டர் கன்னையா, எங்க தாத்தா லெபோ அம்பாங் தெருவுல பாய் போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தாரு. அவர் காலத்துல வட்டி ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கும். பாவம், அதுக்குக் காலே மரத்துப் போயிருக்கும். நாங்கதான் அதை எழுப்பி நடக்கவிட்டோம்."

"எந்தப் பக்கமா நடக்கும் சார்?"

"அது வட்டியோட சுதந்திரம். நாங்க தலையிடுறதில்ல."

பிறகு மூன்று ரகம் இருப்பதாக விளக்கினார். முதலாவது மிதக்கிற ரகம். அடிப்படை வட்டி ஏறினால் மாதத் தவணையும் ஏறும், அது இறங்கினால் இதுவும் இறங்கும். இரண்டாவது கட்டிப்போட்ட ரகம். மூன்று வருடம் அசையாது, அப்புறம் அவிழ்த்துவிடுவார்கள். மூன்றாவது தொப்பி போட்ட ரகம். தொப்பிக்கு மேலே வட்டி போகாது, அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

"தொப்பி ஏறுமா சார்?"

"தானா ஏறவே ஏறாது. நாங்க ஏத்தினாத்தான் ஏறும்."

"மூணுல எது நல்லது?"

"உங்களுக்கா, எங்களுக்கா?"

"எனக்கு."

அவர் பக்கத்தில் நின்ற இந்திரா என்ற அதிகாரியைப் பார்த்தார். அந்தப் பெண் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கேள்விக்கு நம்மகிட்ட ஃபார்ம் இல்ல சார்" என்றாள்.

நான் வேறு வழியில் யோசித்தேன். "என் சகலை எதை எடுத்தான்?"

"மிதக்கிறது."

"அப்ப எனக்குக் கட்டிப்போட்டது."

இதில் பொறாமை எங்கே இருக்கிறது? இரண்டு பேரும் ஒரே ரகத்தை எடுத்தால் யார் கெட்டிக்காரன் என்று கடைசிவரை தெரியாமல் போய்விடுமே என்றுதான்.

பதினொன்றரை வட்டிக்கு மாதம் நானூற்று அறுபத்தேழு வெள்ளி. இருவருக்கும் அதேதான். ஒரு வருடம் நிம்மதியாகப் போனது. பிறகு வட்டி இறங்கியது. ரவாங்கிலிருந்து ஏணி ஒருவழியாக வந்து சேர்ந்ததும் ஒரு நாள் வேலாயுதம் வேலிக்கு வந்தான். கையில் கடிதம்.

"அண்ணே, உங்களுக்கும் வந்துச்சா?"

"என்னது?"

"முந்நூத்தி எண்பத்திரண்டு. இந்த மாசத்துலேருந்து. ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’னு போட்டிருக்கான் அண்ணே. உங்களுக்கு மகிழ்ச்சி வரலியா?"

"எனக்கு மூணு வருஷத்துக்கு நிம்மதிலா. மகிழ்ச்சியெல்லாம் சின்னப் பசங்களுக்கு."

அந்த வாரம் அவர்கள் வீட்டில் மூன்று நாள் இறால் வாசம். மாதம் எண்பத்தைந்து வெள்ளி மிச்சம் என்றால் எவ்வளவு இறால் வாங்கலாம் என்று எனக்குக் கணக்குத் தெரியும். அவன் மனைவி தனலெட்சுமி வேலிக்கு மேல் ஒரு கிண்ணம் நீட்டினாள். நான் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அத்தனையும் என் வட்டியில் பொரிந்த இறால். ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. புஷ்பவல்லி எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு பேங்குக்குப் போனேன். ரகம் மாற்ற வேண்டும் என்றேன். இந்திரா ஆறு பக்க ஃபார்ம் ஒன்றைக் கொடுத்தாள். நான்காம் பக்கத்தில், ரகம் மாற்றுவதற்கான காரணம் என்று ஒரு கேள்வி. கீழே மூன்று கட்டங்கள். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், இரண்டும் ஒருவரே.

"வேற காரணத்துக்கு யாரும் மாத்த மாட்டாங்களாம்மா?"

"பன்னெண்டு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன் அங்கிள். ஒருத்தர் வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்து மாத்த வந்தாரு. அவரைத்தான் அப்புறம் நாங்க வேலைக்கு எடுத்துக்கிட்டோம்."

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். மாற்றுக் கட்டணம் எண்ணூறு வெள்ளி. கையிலிருந்து தர வேண்டாம், கடனோடு சேர்த்துக்கொள்கிறோம் என்றாள். அவ்வளவு பெருந்தன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்தபோது என் சகலையின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றிருந்தது. என் மூன்று வருட நிம்மதியைப் பற்றி அவனும் வீட்டில் போய் யோசித்திருக்கிறான். அவன் அன்றைக்கே கட்டிப்போட்ட ரகத்துக்கு மாறினான், புதிதாக இறங்கிய வட்டியில்.

அடுத்த மாதம் காலை ஏழு மணிக்கே ஏணி வந்து நின்றது.

இப்படியே ஒன்பது வருடம். நான் மிதந்தால் அவன் கட்டிக்கொள்வான். நான் கட்டிக்கொண்டால் அவன் தொப்பி போடுவான். நானும் தொப்பி போட்டேன். போட்ட மூன்றாம் வாரம், உச்சவரம்பு எல்லா வாடிக்கையாளர்களுக்கும் மூச்சுமுட்டுவதாகப் புகார் வந்ததால் இரண்டு சதவீதம் உயர்த்தியிருக்கிறோம் என்று கடிதம் வந்தது. புகார் கொடுத்தவர் யார் என்று விசாரித்தேன். பேங்க்தான்.

மொத்தம் நான் பதினோரு தடவையும் அவன் பதினோரு தடவையும் மாறினோம். பன்னிரண்டாவதாக யார் போவது என்று இருவரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்காகவே ஏழாம் நம்பர் கவுண்டரை ஒதுக்கிவிட்டார்கள். மேலே ‘சகலைகள்’ என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. மலாய் மொழிபெயர்ப்பு ஒரு வரியில் அடங்காமல் பக்கத்துக் கவுண்டர்வரை போயிற்று. பூச்சோங்கிலிருந்தும் காப்பாரிலிருந்தும் வேறு சகலைகள் வந்து வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். பழைய ஆட்கள் என்பதால் எங்களுக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள்.

ஒரு நாள் மேனேஜரே கழுத்தில் டையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலிப்பக்கம் தெரியாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"மிஸ்டர் கன்னையா, தலைமையகத்துல உங்களைப் பத்தி ஒரு கமிட்டியே போட்டோம். உங்க பிரச்சனை வட்டி இல்ல. உலகத்துல எந்த வட்டியைக் கொடுத்தாலும் உங்களுக்குத் திருப்தி வராது. உங்களுக்கு வேண்டியது என்ன?"

"சார், எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல. அவனைவிட ஒரு வெள்ளி குறைச்சலாக் கட்டணும்."

அவர் கண்கள் கலங்கின. "இதைத்தான் கமிட்டியும் கண்டுபிடிச்சது. ஆறு பேரு, எட்டு மாசம்." பையிலிருந்து ஒரு ஒப்பந்தத்தை எடுத்தார். "புது ரகம். அடிப்படை வட்டியோட இனி உங்களுக்குச் சம்பந்தம் இல்ல. உங்க தவணை எப்பவும் மிஸ்டர் வேலாயுதத்தோட தவணையைவிட ஒரு வெள்ளி குறைவு. கையெழுத்து இங்க. கட்டணம் ஆயிரத்து இருநூறு. கடனோட சேர்த்துக்குவோம்."

"அவனுக்குத் தெரிய வேணாம் சார்."

"ரகசியம்னா எங்களுக்கு உயிர்" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். வலது பக்கம் திரும்பி, பதினெட்டாம் நம்பர் கேட்டைத் திறந்தார்.

அவனும் கையெழுத்துப் போட்டான் என்பது எனக்கு அப்போது தெரியாது. பேங்கின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது. என்னுடைய தவணை அவனுடையதைவிட ஒரு வெள்ளி குறைவாக இருக்க வேண்டும், அவனுடையது என்னுடையதைவிட ஒரு வெள்ளி குறைவாக இருக்க வேண்டும். அது நேர்மையான மெஷின். எனக்கு முந்நூற்றுத் தொண்ணூறு என்று காலையில் கடிதம் அனுப்பியது. மத்தியானம் அவனுக்கு முந்நூற்று எண்பத்தொன்பது. மறுநாள் காலை எனக்கு முந்நூற்று எண்பத்தெட்டு. போஸ்ட்மேன் எங்கள் லோரோங் சந்திலேயே ஒரு சைக்கிளை வாங்கி நிறுத்திவைத்துக்கொண்டார். காலையில் நான் வேலிக்குப் போய்ச் சிரிப்பேன், மாலையில் அவன் வந்து சிரிப்பான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான ஆறு மாதம் இருந்ததில்லை. தைப்பூசத்துக்குக் கொடியேறும்போது எனக்குப் பன்னிரண்டு வெள்ளி, அவனுக்குப் பதினோரு வெள்ளி. அன்று பேங்கில் காகிதம் தீர்ந்துபோய் மெஷின் நின்றது.

அந்தக் கடிதங்களின் கடைசி வரியைப் புஷ்பவல்லிதான் படித்தாள். அவள் மின்சாமான் ஃபேக்டரியில் குவாலிட்டி பார்க்கிறவள். பொடி எழுத்தைப் படிப்பதுதான் அவள் வேலை.

"என்னங்க, இதென்ன ‘மீதக் காலம்’னு போட்டிருக்கு?"

"எவ்வளவு?"

"நானூத்தி ஆறு வருஷம்."

தவணையைத்தான் குறைத்தார்கள். குறைத்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டி, கடனின் முதுகில் ஏற்றி, வருடத்தை நீட்டியிருந்தார்கள்.

"நீங்க பென்ஷன் வாங்க இன்னும் நாலு வருஷம் இருக்கு. கிராண்ட் வர நானூத்தி ஆறு வருஷம் இருக்கு. நான் அலமாரியைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்கவா?"

"அதைவிடு புஷ்பம். வேலாயுதத்துக்கு எத்தனை வருஷமாம்?"

"தனம் சொன்னா. நானூத்தி ஒம்பது."

எனக்குச் சுருக்கென்றது. அவன் என்னைவிட ஆறு வயது இளையவன்தான். அதற்காக அவனுக்கு மட்டும் மூன்று வருடம் அதிகமா? நானூற்று ஆறாவது வருடம் நான் போய்விடுவேன், அவன் மட்டும் நின்று கட்டுவான் என்று பேங்க் எந்த ஆதாரத்தில் முடிவு செய்தது? சட்டையை மாட்டினேன். புஷ்பவல்லி வாசலில் குறுக்கே நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மூணு வருஷம் சேர்த்துக் கேக்கப் போறேன்."

அவள் கத்தவில்லை. உள்ளே போய் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தாள். தங்க வளையல் இரண்டு ஜோடி, கூட்டுச் சீட்டுக் கட்டி எடுத்த பணம், அவளுடைய ஈபிஎஃப் சேமிப்பிலிருந்து வீட்டுக்காக எடுக்கும் ஃபார்ம். ஃபார்மில் அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். பதினோரு வருடம் மெஷினுக்கு முன்னால் நின்று சேர்த்தது.

"நானும் வரேன்" என்றாள். "முழுசாக் கட்டிட்டு, கிராண்டை வாங்கிட்டு வருவோம்."

வளையலை விற்று, ஈபிஎஃப் பணமும் கைக்கு வந்தபின் பேங்குக்குப் போனோம். கடனை அடைக்க வந்திருக்கிறோம் என்று சொன்னதும் ஏழாம் நம்பர் கவுண்டரில் பேச்சு நின்றது. இந்திரா எழுந்துகொண்டாள். அவளுக்கு அந்த ஃபார்ம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தேடி எடுத்தபோது அது வெள்ளைக்காரர் காலத்துத் தாளாக இருந்தது. மேனேஜர் ஓடிவந்தார்.

"மிஸ்டர் கன்னையா, எங்ககிட்ட என்ன குறை? எதுக்கு இந்த முடிவு?"

"கடனைக் கட்டிடலாம்னு…"

"அதான் ஏன்னு கேக்குறேன்! தவணை கட்டாதவன் வேற கதை சார். அவன் எங்களைவிட்டுப் போகமாட்டான். ராத்திரி பகலா எங்களையே நினைச்சுக்கிட்டிருப்பான். முழுசாக் கட்டுறவனை எப்படி நம்புறது? இன்னிக்குக் கட்டுவான், நாளைக்கு எங்க பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டான். நானூத்தி ஆறு வருஷம் உங்களோட வாழலாம்னு நாங்க கணக்குப் போட்டு வச்சிருக்கோம்."

புஷ்பவல்லி மேசையில் செக்கை வைத்தாள். "வாழ்ந்தது போதும் சார்."

முன்கூட்டிக் கட்டியதற்கு அபராதம் இரண்டாயிரம் போட்டார்கள். அதையும் அவள் எண்ணி வைத்தாள். மைலோ டின் காலி. ஊழியர்கள் எழுந்து கைகட்டி நிற்க, மேனேஜர் கிராண்டை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். அவர் தோளில் துண்டு இல்லாததுதான் பாக்கி. மற்றபடி அது சாவு வீடுதான்.

அன்று மாலை கிராண்ட் புஷ்பவல்லியின் அலமாரிக்குள் போயிற்று, கல்யாணப் புடவைக்கு அடியில். அவள் அலமாரிக் கதவில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் நேரே வேலிக்குப் போனேன்.

"சகலை, என் தவணை இனிமே பூஜ்யம். தெரியும்லே?"

வேலாயுதம் முகம் இருண்டது. இருளட்டும் என்று விட்டுவிட்டு வந்து படுத்தேன். ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, வேலாயுதம் துறைமுகத்துக்கு லீவு போட்டுவிட்டு, நீளக்கை சட்டை அணிந்து, நெற்றியில் திருநீறு இட்டு எங்கேயோ கிளம்பினான். திரும்பி வந்தவன் வேலிக்கு வந்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். உங்க தவணையைவிட என் தவணை ஒரு வெள்ளி குறைச்சலா இருக்கணும்னு ஒப்பந்தம். உங்களுது பூஜ்யம் ஆயிடுச்சு. அப்ப எனக்கு?"

"உனக்கு என்ன?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளி நோட்டை எடுத்தான். புதுசு. மடிப்புக்கூட இல்லை.

"பேங்க்தான் எனக்குக் கட்டுதுண்ணே. மாசாமாசம் ஒரு வெள்ளி. நானூத்தி ஒம்பது வருஷத்துக்கு. மேனேஜர் கையாலேயே கொடுத்தாரு. மைலோ வேற."

அவன் கடன் அப்படியேதான் இருக்கிறது, கட்டாத வட்டியில் நாளுக்கு நாள் ஊதிக்கொண்டும் இருக்கிறது. இதை நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் நோட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருடம் ஒழுங்காகத் தவணை கட்டியவன் நான். எனக்கு ஒரு காசு கொடுத்ததில்லை இந்த பேங்க். இரண்டாம் மாதமும் அவன் நீளக்கை சட்டை போட்டான். மூன்றாம் மாதம் அந்த மூன்று நோட்டையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து ஹாலில் மாட்டினான், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி. நான் அலமாரிப் பக்கம் போய் நின்றேன்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் புஷ்பவல்லி.

"ஒண்ணுமில்ல. அந்தக் கிராண்டை வச்சு ஒரு சின்ன லோன். ரொம்பச் சின்னது. பத்து வெள்ளி போதும். என் தவணை ஒரு வெள்ளியாச்சுன்னா அவனுக்குப் பூஜ்யம் ஆயிடும், அந்த ஒரு வெள்ளியைக் கொடுக்க மாட்டாங்க. அப்புறம் உடனே மீட்டுடலாம். ஃபார்ம்கூட வாங்கிட்டேன்."

அவள் ஃபார்மை வாங்கிப் படித்தாள். பொடி எழுத்துவரை படித்தாள். நான்காக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள். மேசை நின்றது. பிறகு சுருக்குப்பையைத் திறந்து, அப்போது புதிதாக வந்திருந்த இரண்டு வெள்ளி நோட்டு ஒன்றை என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. ஒவ்வொரு மாசமும் முதல் திங்கக்கிழமை. அவருக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டு. போதுமா?"

"எத்தனை வருஷத்துக்கு?"

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருக்குற வரைக்கும்."

அது என் சம்பளத்திலிருந்தே எடுத்த பணம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதையெல்லாம் நான் கிளறவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் யாரும் எந்த ரகத்திலும் சேர முடியாது. நானும் ஒரு நீளக்கை சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வேலிக்குப் போனேன். வேலாயுதம் அப்போதுதான் பேங்கிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். நான் நோட்டை விரித்து விசிறிக்கொண்டேன்.

"என்னண்ணே அது?"

"ரெண்டு. மாசாமாசம்."

"எந்த பேங்க்?"

"வீட்டோட இருக்குற பேங்க்லா. புது ரகம். உனக்கெல்லாம் கொடுக்க மாட்டாங்க."

அவன் கையிலிருந்த ஒரு வெள்ளி நோட்டைப் பார்த்தான். என் நோட்டைப் பார்த்தான். உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்துத் தனலெட்சுமி வேலிக்கு வந்தாள்.

"என்ன அத்தான் சொன்னீங்க அவருகிட்ட? வந்ததுலேருந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. சாப்பாடு வேணாமாம். வெளவால் மீன் குழம்பு, இன்னிக்குன்னு பார்த்து வச்சேன்."

அவன் பங்கு மீன் குழம்பை ஒரு கிண்ணத்தில் நீட்டினாள். பெரிய துண்டு இரண்டு. நான் வேலியோரமாகவே நின்று சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். புளியும் சரியாக இறங்கவில்லை. இருந்தும் அந்தக் குழம்பு மாதிரி ஒரு குழம்பை நான் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, அப்புறமும் சாப்பிட்டதில்லை.